என்றிக்கே என்றீக்கசு

என்றிக்கே என்றீக்கசு (1520 – 1600) போர்த்துக்கல் நாட்டில் பிறந்து, தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஆவார். தமிழ் எழுத்துகளில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் (1578) இவருடைய பெயரோடு இணைந்தது. தமிழ் மொழியை முறையாகக் கற்ற முதல் ஐரோப்பியர் எனவும், தமிழ் அச்சுக்கலையின் தந்தை எனவும் இவர் போற்றப்படுகிறார். தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்த புன்னைக்காயல் (புன்னக்காயல்) இவருடைய பணியின் மையமாக விளங்கியது. இவர் மறைந்ததும் அவ்வூரிலேயே ஆகும்.

அரசியல் உடன்பாடு ஒன்றின் வழியாகக் கிறித்தவத்துக்குள் வந்த கடற்கரை மக்களுக்கு, அந்தச் சமயம் கூறும் இறை உடன்படிக்கையை அவர்களுடைய மொழியிலேயே விளக்கியது என்றீக்கசின் வாழ்நாள் பணி எனலாம்.

பெயர்

இவருடைய பெயர் தமிழில் பல வகையாக எழுதப்படுகிறது. என்றிக்கே என்றீக்கசு, அன்றீக்கு அடிகளார், அண்டிரிக் அடிகளார், என்றிக்கசு பாதிரியார் ஆகியவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும். போர்த்துக்கீச மொழியிலும் இப்பெயர் இரு வேறு எழுத்துக் கூட்டல்களில் காணப்படுவதே இதற்குக் காரணம் ஆகும்.

பிறப்பும் இளமையும்

என்றீக்கசு 1520 ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். இவர் யூத வழிவந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். போர்த்துக்கல் மன்னர் முதலாம் மனுவேல் 1497 ஆம் ஆண்டு தம் நாட்டு யூதர்களைக் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெறச் செய்தார். அவ்வாறு கிறித்தவரானவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் புதுக்கிறித்தவர் என அழைக்கப்பட்டனர். பிறப்பால் கிறித்தவராகவே வளர்ந்தாலும், இரத்தத் தூய்மை இல்லாதவர் என்ற ஐயம் அவர்களைத் தொடர்ந்தது. 1536 ஆம் ஆண்டு போர்த்துக்கல்லில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்ட பின்னர் இந்நிலை மேலும் கடுமையானது.

இளமையில் என்றீக்கசு பிரான்சிசுக்கன் சபையில் சேர்ந்தார். யூத வழித்தோன்றல் என்னும் காரணத்தால் அச்சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது. பின்னர் கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். அக்காலத்தில் புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபை வமிச வேறுபாடு பாராட்டவில்லை. சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார் யூத வழிவந்தோரை ஏற்பதில் தடை காணவில்லை. அவருக்குப் பின் சபைத் தலைவரான தியேகோ இலாயினசும் யூத வழிவந்தவரே. என்றீக்கசு 1545 ஆம் ஆண்டு கோயிம்பிராவில் இச்சபையில் சேர்ந்து, 1546 ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

முத்துக்குளித்துறையும் பரதவர் உடன்பாடும்

என்றீக்கசு வந்து சேர்ந்த கடற்கரையின் வரலாற்றை அறிந்தால்தான் அவருடைய பணியை விளங்கிக்கொள்ள முடியும். கன்னியாகுமரி முதல் வேதாளை வரை நீண்ட கடற்கரை முத்துக்குளித்துறை எனப்பட்டது. மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வைப்பாறு, வேம்பாறு முதலியன இதன் முதன்மை ஊர்கள். இங்கு வாழ்ந்த பரதவர் முத்துக் குளித்தலையும் மீன்பிடித்தலையும் தொழிலாகக் கொண்டவர்கள்.

1530களில் முத்துக் குளிக்கும் உரிமை தொடர்பாகப் பரதவருக்கும் கடல் வணிகத்தில் வலிமை பெற்றிருந்த முசுலிம்களுக்கும் இடையே கடும் மோதல் எழுந்தது. அப்போது சுவாம் தா குரூசு என்னும் கிறித்தவ வணிகரின் அறிவுரைப்படி பரதவரின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசரின் உதவியை நாடினர். பாதுகாப்பு அளிக்கப்படும், பரதவர் திருமுழுக்குப் பெறுவர் என்பதே இரு தரப்பும் கண்ட உடன்பாட்டின் சாரம். 1535 முதல் 1537 வரை ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். 1538 ஆம் ஆண்டு வேதாளைக்கு அருகில் நடந்த போரில் போர்த்துக்கீசர் வென்றதால், உடன்பாட்டின் ஒரு பகுதி நிறைவேறியது.

மறு பகுதி எளிதாக இருக்கவில்லை. திருமுழுக்குப் பெற்றவர்களுக்குத் தாம் ஏற்றது எது என்று எடுத்துக் கூற ஆள் இல்லை. தமிழ் அறிந்த குருக்களும் இல்லை; தமிழில் நூலும் இல்லை. 1542 ஆம் ஆண்டு வந்த புனித பிரான்சிசு சவேரியார் இக்குறையை நீக்க முயன்றார். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகக் கற்பித்தார். ஒவ்வோர் ஊரிலும் செபம் சொல்லிக்கொடுக்கவும் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கவும் கணக்கப்பிள்ளை என்னும் பொறுப்பாளரை அமர்த்தினார்.

சவேரியாரின் தமிழாக்கத்தில் நேர்ந்த ஒரு பிழை குறிப்பிடத்தக்கது. நம்பிக்கை அறிக்கையின் தொடக்கத்தில் வரவேண்டிய நம்புகிறேன் என்னும் பொருளுடைய சொல்லுக்கு மாறாக, எனக்கு வேணும் என்று பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்தது. இதனை உணர்ந்த சவேரியார், 1544 ஆம் ஆண்டு தம் உடன் உழைப்பாளர் மன்சிலாசுக்கு எழுதிய மடலில், அதனை விசுவாசம் என்னும் சொல்லால் திருத்துமாறு கேட்டுக்கொண்டார். பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற மக்கள், சில காலம் நம்பிக்கை அறிக்கையையும் வேண்டுதலாகவே சொல்லிவந்தனர்.

புன்னைக்காயல் வருகையும் தமிழ்க் கல்வியும்

என்றீக்கசு 1547 ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகப் பேசுவது பயன் தராது என்பதை விரைவில் கண்டுகொண்டார். சொல்லியது ஒன்றும் மக்களைச் சென்றடைந்தது வேறொன்றுமாக இருந்தது. எனவே தமிழை இலக்கண முறைப்படி கற்கத் தொடங்கினார். ஐரோப்பாவில் இலத்தீன் மொழியைக் கற்கும் முறையைப் பின்பற்றி, பெயர்ச்சொற்களின் வேற்றுமை உருபுகளையும் வினைச்சொற்களின் கால, இட வேறுபாடுகளையும் பட்டியலிட்டார். சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் இன்றிப் பேசும் நிலையை அடைந்ததாக 1548 ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்கு எழுதிய மடலில் தெரிவித்தார்.

இம்முயற்சியின் விளைவாக உருவானதே மலபார் மொழி இலக்கணம் எனப் பெயரிய போர்த்துக்கீச நூல். அக்காலத்தில் போர்த்துக்கீசர் தமிழை மலபார் மொழி என்றே குறிப்பிட்டனர். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் இன்று கிடைப்பனவற்றுள் இதுவே மிகப் பழையது. பண்டிதர் தமிழை அன்றி, கடற்கரையில் அன்றாடம் வழங்கிய பேச்சுத் தமிழை இது பெரிதும் பதிவு செய்துள்ளதால், பதினாறாம் நூற்றாண்டுத் தமிழை ஆய்வோருக்கு அரிய சான்றாக உள்ளது. இதன் கையெழுத்துப்படி இலிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. அன்சு பெர்மீர் 1982 ஆம் ஆண்டு இதனைப் பதிப்பித்தார். சீன் ஐன், வி. எசு. இராசம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆர்வர்டு கீழ்த்திசை வரிசையில் 2013 ஆம் ஆண்டு வெளிவந்தது.

தாம் மட்டும் தமிழ் கற்றால் போதாது என்று என்றீக்கசு கருதினார். தம்மோடு பணிபுரிந்த ஐரோப்பியக் குருக்களும் தங்களுக்குள் தமிழிலேயே பேச வேண்டும் என்று வலியுறுத்தினார். குருக்கள் தமிழ் கற்பதற்கெனப் புன்னைக்காயலில் 1560களில் தமிழ்ப் பள்ளி ஒன்றும் நடைபெற்றது. இவர் தமிழ் அகராதி ஒன்றையும் தொகுத்தார். அது இன்று கிடைக்கவில்லை.

பணித்தளத் தலைமை

முத்துக்குளித்துறைப் பணித்தளத்தின் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி 1549 ஆம் ஆண்டு வேதாளையில் வடுகர் படையினரால் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைச்சாட்சியாக அவர் கருதப்படுகிறார். அவருக்குப் பின் என்றீக்கசைத் தலைவராக அவருடைய உடன் குருக்களே தேர்ந்தெடுத்தனர். 1576 ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 27 ஆண்டுகள், அப்பொறுப்பில் அவர் இருந்தார்.

இக்காலத்தில் புன்னைக்காயலில் நோயாளிகளுக்கென மருத்துவமனை ஒன்றை நிறுவினார். உபதேசியார்களுக்கும் கணக்கப்பிள்ளைகளுக்கும் பயிற்சி அளித்து, குருக்கள் செல்ல இயலாத ஊர்களிலும் மறைக்கல்வி இடையறாது நடைபெறச் செய்தார். முத்துக் குளிக்கும் காலங்களில் போர்த்துக்கீசத் தளபதிகள் மக்கள்மீது சுமத்திய கொடுமைகளை இக்கடற்கரையின் குருக்கள் மேலிடத்துக்கு எடுத்துரைத்து வந்தனர். சவேரியார் தொடங்கிய இவ்வழக்கத்தை என்றீக்கசின் காலத்திலும் காணலாம். பாதுகாப்பதாக வாக்களித்தவர்களிடமிருந்தே மக்களைப் பாதுகாக்க வேண்டிய நிலை அடிக்கடி ஏற்பட்டது.

1553 ஆம் ஆண்டுத் தாக்குதல்

போர்த்துக்கீசப் பாதுகாப்பின் வலுவின்மை 1553 ஆம் ஆண்டு வெளிப்பட்டது. கடல் வழியாக வந்த முசுலிம் கப்பற்படையும் நில வழியாக வந்த வடுகர் படையும் புன்னைக்காயலைத் தாக்கின. அங்கிருந்த சிறிய போர்த்துக்கீசப் படை நிலைத்துப் போரிட முடியாமல் சரணடைந்தது. போர்த்துக்கீசரோடு என்றீக்கசும் சிறைபிடிக்கப்பட்டார். கொச்சியிலிருந்து உதவிப் படை வர வேண்டியிருந்தது. சிறைப்பட்டவர்கள் பின்னரே விடுதலை பெற்றனர்.

1560 ஆம் ஆண்டும் புன்னைக்காயல் தாக்குதலுக்கு உள்ளானது. அதே ஆண்டு போர்த்துக்கீச அரசப் பிரதிநிதி கொன்சுதாந்தீனோ தே பிரகான்சா மன்னார்த் தீவைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தார். பாதுகாப்புக் கருதிப் பரதவரில் ஒரு பகுதியினர் அங்குக் குடியேற்றப்பட்டனர். என்றீக்கசும் சில காலம் மன்னாரில் பணியாற்றி, பின்னர்த் தமிழ்க் கரைக்குத் திரும்பினார்.

இவ்வாறு கால் நூற்றாண்டுக்குள்ளேயே 1535 ஆம் ஆண்டு உடன்பாடு பலமுறை சோதனைக்குள்ளானது. கப்பல்கள் அருகில் இருந்தபோது அது பயன்பட்டது. தொலைவில் இருந்தபோது பயன்படவில்லை. பாதுகாப்புக்காக மட்டுமே சமயம் மாறியிருந்தால், அதனைக் கைவிடுவதற்கு மக்களுக்குப் போதிய காரணம் இருந்தது. எனினும் அவர்கள் கைவிடவில்லை.

மறைக்கல்வியும் இறை உடன்படிக்கையும்

கிறித்தவ மறையின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று, கடவுள் மனிதரோடு உடன்படிக்கை செய்கிறார் என்பதும், மனிதர் தவறினாலும் அவர் தம் வாக்குறுதியில் தவறுவதில்லை என்பதும் ஆகும். விவிலியத்தின்படி கடவுள் ஆபிரகாமோடு உடன்படிக்கை செய்து, அவருடைய வழிமரபின் மூலம் உலகின் எல்லா இனத்தாரும் ஆசி பெறுவர் என வாக்களித்தார். சீனாய் மலையில் மோசேயின் வழியாக இசுரயேல் மக்களோடு செய்த உடன்படிக்கையின் சொற்களாகப் பத்துக் கட்டளைகள் கூறப்படுகின்றன. மக்கள் அவ்வுடன்படிக்கையை மீறியபோது புதிய உடன்படிக்கை ஒன்று வரும் என இறைவாக்கினர் எரேமியா அறிவித்தார். இயேசு தம் இறுதி இராவுணவின்போது அதனை நிறைவேற்றினார் என்பது கிறித்தவர் நம்பிக்கை. தமிழ் விவிலியத்தின் இரு பெரும் பகுதிகளைக் குறிக்கும் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்னும் பெயர்களில் உள்ள ஏற்பாடு என்னும் சொல்லும் உடன்படிக்கை என்னும் பொருளையே தருகிறது.

ஒப்பந்தத்துக்கும் இவ்வகை உடன்படிக்கைக்கும் வேறுபாடு உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு தவறினால் மறு தரப்பு விடுபட்டுவிடும். விவிலியம் கூறும் உடன்படிக்கையிலோ, மனிதர் தவறியதற்கான தண்டனை பேசப்பட்டாலும், கடவுள் தம் வாக்கைத் திரும்பப் பெறுவதில்லை. புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 9 முதல் 11 வரையுள்ள அதிகாரங்களில் இக்கேள்வியையே ஆராய்கிறார். இசுரயேலருள் பலர் இயேசுவை ஏற்கவில்லை என்பதால் கடவுள் அவர்களுக்கு அளித்த வாக்குறுதி பொய்த்துவிட்டதா என வினவி, இல்லை என்று முடிவு கூறுகிறார். யூத வழிவந்தோரை இரண்டாந்தரக் கிறித்தவராக நடத்திய அக்கால ஐரோப்பிய வழக்கத்தோடு இப்போதனை பொருந்தவில்லை.

இக்கருத்தைத் தமிழில் உணர்த்துவதற்கு விசுவாசம் என்னும் சொல் உதவியாக அமைந்தது. வடமொழியிலிருந்து வந்த இச்சொல் தமிழில் நம்பிக்கை என்றும், நன்றி மறவாத பற்றுறுதி என்றும் இரு பொருள் தருகிறது. ஒருவர் மற்றொருவரை நம்புவதும் விசுவாசம். அந்த நம்பிக்கைக்கு உரியவராக நிலைத்து நிற்பதும் விசுவாசம். எபிரேய மொழியின் எமுனா என்னும் சொல்லும் இலத்தீன் மொழியின் பிதேசு என்னும் சொல்லும் இதேபோல் இரு பொருளும் உடையவை. இதனால் மனிதர் கடவுள்மீது கொள்ளும் நம்பிக்கையையும், கடவுள் தம் வாக்கில் நிலைத்திருப்பதையும் ஒரே சொல்லால் குறிக்க முடிந்தது. இன்றும் தமிழ்க் கிறித்தவரிடையே இச்சொல் வழக்கில் உள்ளது.

அச்சு நூல்கள்

மனப்பாடச் செபங்கள் ஊருக்கு ஊர் மாறுபட்டு வழங்கியதாலும், கையெழுத்துப் படிகளில் பிழைகள் பெருகியதாலும், ஒரே வாசகம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என என்றீக்கசு விரும்பினார். 1554 ஆம் ஆண்டு இலிசுபனில் கார்த்தில்யா என்னும் சிறு நூல் அச்சாகியிருந்தது. அதில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இருந்தமையால், தமிழ் படிக்கத் தெரிந்த கடற்கரை மக்களுக்கு அது பயன்படவில்லை. தமிழ் எழுத்திலேயே அச்சிடுவதற்கு அச்செழுத்துகளை வார்க்க வேண்டியிருந்தது. சுவாம் கொன்சால்வசு 1577 ஆம் ஆண்டு கோவாவில் தமிழ் அச்செழுத்துகளை உருவாக்கினார். அவை போதிய நிறைவு தரவில்லை. 1578 ஆம் ஆண்டு கொல்லத்தில் சுவாம் தே பாரியா மேலும் எழுத்துகளை வார்த்தார். இதற்கான செலவில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெரும் பங்களித்தனர்.

என்றீக்கசின் அச்சு நூல்கள் பின்வருவன:

தம்பிரான் வணக்கம்: 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சிடப்பட்டது. 16 பக்கங்கள் கொண்டது. சவேரியாரின் போர்த்துக்கீசக் குறு மறைக்கல்வி நூலை என்றீக்கசும் மனுவேல் தே சான் பேத்ரோ அடிகளும் தமிழாக்கினர். இந்திய மொழி ஒன்றில் அம்மொழியின் எழுத்திலேயே அச்சான முதல் நூல் இது. இதன் படி ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது.

கிரிசித்தியானி வணக்கம்: 1579 நவம்பர் 14 அன்று கொச்சியில் அச்சிடப்பட்டது. 120 பக்கங்கள் கொண்டது. மார்க்கோசு சோர்சு எழுதிய போர்த்துக்கீச நூலின் தமிழாக்கம். ஆசிரியரும் மாணவரும் வினா விடையாக உரையாடும் முறையில் அமைந்தது.

கொம்பெசியனாயரு: 1580 ஆம் ஆண்டு அச்சானது. பாவ மன்னிப்பு பெற விரும்புவோர் தம் மனச்சான்றை ஆராய்ந்து ஆயத்தம் செய்ய உதவும் நூல். இதன் படி ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது.

அடியார் வரலாறு: 1586 ஆம் ஆண்டு அச்சானது. பிளோசு சாங்டோரும் என்றும் வழங்கும். 600 பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆண்டின் திருநாள் வரிசையில் புனிதர்களின் வரலாறுகளைக் கூறுகிறது. இது புன்னைக்காயலில் அச்சிடப்பட்டது எனப் பரவலாகக் கூறப்படுகிறது. கொச்சியில் அச்சானது எனக் கருதுவோரும் உளர். இதன் படி வத்திக்கான் நூலகத்தில் உள்ளது.

உடன்படிக்கை என்னும் கருத்தின் நோக்கில் இந்நூல்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலிரு நூல்களும் நம்பிக்கை அறிக்கையையும் பத்துக் கட்டளைகளையும் அருட்சாதனங்களையும் கூறுவன. அதாவது உடன்படிக்கையின் வாசகத்தை மக்கள் கையில் தருவன. மூன்றாம் நூல் அதில் தவறியவர் திரும்பி வருவதற்கான வழியைக் காட்டுவது. நான்காம் நூல் அதில் நிலைத்து நின்றவர்களின் வாழ்க்கையை எடுத்துரைப்பது.

மொழிநடை

என்றீக்கசின் உரைநடை கடற்கரைப் பேச்சு வழக்கைத் தழுவியது. தமிழில் அச்சான உரைநடையின் தொடக்கமாக இது அமைகிறது. அக்கால அச்சில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடப்படவில்லை; நெடில் எகர ஒகரங்களும் குறில்களிலிருந்து வேறுபடுத்தப்படவில்லை. எனவே இந்நூல்களை இன்று படிப்பவர் இடம் நோக்கியே சொற்களைப் பிரித்து அறிய வேண்டும்.

கடவுளைக் குறிக்கத் தம்பிரான் என்னும் சொல்லை நூலின் பெயரிலேயே அமைத்தது கவனிக்கத்தக்கது. தலைவன் என்று பொருள்படும் இச்சொல் தமிழ்ச் சமய மரபில் முன்பே வழங்கியது. சைவர்கள் சுந்தரமூர்த்தி நாயனாரைத் தம்பிரான் தோழர் என்றே போற்றுவர். மக்கள் அறிந்த சொல்லைக் கடவுளுக்கு எடுத்துக்கொண்ட என்றீக்கசு, தனிப்பட்ட திருச்சபைக் கருத்துகளுக்குப் போர்த்துக்கீசச் சொற்களையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றிக் கையாண்டார். பின்னர் வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தே நோபிலி இவ்வகைச் சொற்களுக்கு மாற்றாக வடமொழிச் சொற்களை மிகுதியாகப் பயன்படுத்தினார்.

1593 ஆம் ஆண்டுத் தீர்மானம்

என்றீக்கசு முதுமையில் புன்னைக்காயலில் வாழ்ந்துகொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் இயேசு சபையின் நிலைப்பாடு மாறியது. 1593 ஆம் ஆண்டு கூடிய சபையின் ஐந்தாம் பொதுப்பேரவை, யூத அல்லது முசுலிம் வழிவந்தோரைச் சபையில் சேர்க்கக் கூடாது எனத் தீர்மானித்தது. இஞ்ஞாசியார் கடைப்பிடித்த நெறிக்கு இது மாறானது. அப்போது என்றீக்கசின் அகவை 73. சபை வாழ்வில் அவர் 48 ஆண்டுகளைக் கழித்திருந்தார். அவரைப் போன்ற பிறப்புடைய ஓர் இளைஞர் அவ்வாண்டு சபையில் சேர விரும்பியிருந்தால் ஏற்கப்பட்டிருக்க மாட்டார்.

இத்தீர்மானம் 1608 ஆம் ஆண்டு ஓரளவு தளர்த்தப்பட்டது. 1946 ஆம் ஆண்டுதான் முழுமையாக நீக்கப்பட்டது. என்றீக்கசு தம் இறுதி நாள் வரை சபையிலும் தம் பணித்தளத்திலும் நிலைத்திருந்தார்.

மறைவு

என்றீக்கசு 1600 ஆம் ஆண்டு, தம் 80 ஆம் அகவையில், புன்னைக்காயலில் மறைந்தார். அவருடைய உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கு அடக்கம் செய்யப்பட்டது. கிறித்தவர் மட்டுமன்றி அருகிலிருந்த இந்துக்களும் முசுலிம்களும் நோன்பிருந்து அவருக்குத் துயர் கொண்டாடினர் எனக் கூறப்படுகிறது. 1547 ஆம் ஆண்டு வந்தவர் போர்த்துக்கல்லுக்குத் திரும்பிச் செல்லவே இல்லை.

பின்விளைவுகள்

1606 ஆம் ஆண்டு மதுரைப் பணித்தளத்தைத் தொடங்கிய நோபிலி, அதற்கு முன் முத்துக்குளித்துறையில் தங்கியே தமிழ் கற்கத் தொடங்கினார். இவ்வகையில் என்றீக்கசு விட்டுச்சென்ற தமிழ்க் கல்வி மரபு உள்நாட்டுக்கும் சென்றது. அச்சுப்பணியோ தொடர்ச்சியாக நிலைக்கவில்லை. 1679 ஆம் ஆண்டு அம்பலக்காட்டில் அந்தாம் தே புரோயென்சாவின் தமிழ் – போர்த்துக்கீச அகராதி அச்சானது. 1713 ஆம் ஆண்டு முதல் தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் அவருடைய தோழர்களும் தமிழ் அச்சை மீண்டும் நிலைபெறச் செய்தனர்.

பரதவரின் 1535 ஆம் ஆண்டு உடன்பாடு 1658 ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது எனலாம். அவ்வாண்டு ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். போர்த்துக்கீசரின் பாதுகாப்பு முற்றிலும் மறைந்தது. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒல்லாந்தர், பிலிப்பு பால்தேயுசு முதலிய போதகர்கள் வழியாகப் பரதவரைத் தம் சபைக்கு மாற்ற முயன்றனர். முத்துக் குளிப்பும் வணிகமும் ஒல்லாந்தர் கையில் இருந்ததால், மாறுவதே இலாபம் தருவதாக இருந்தது. ஆயினும் பரதவர் மாறவில்லை. கோயில்கள் பறிபோன ஊர்களிலும் அவர்கள் தம் செபங்களையும் திருநாள்களையும் விடாது காத்தனர். 120 ஆண்டுகளுக்கு முன் பாதுகாப்புக்காக ஏற்ற மறையை, பாதுகாப்பு இல்லாத காலத்தில் இழப்பை ஏற்றுக் காத்தது இம்மக்களின் வரலாற்றில் ஒரு திருப்பம் ஆகும். இடைப்பட்ட காலத்தில் தம் மொழியில் பெற்ற மறைக்கல்விக்கும், ஊர்தோறும் இயங்கிய உபதேசியார் முறைக்கும் இதில் பெரும் பங்குண்டு.

மீள்கண்டுபிடிப்பு

என்றீக்கசின் நூல்கள் தமிழ்நாட்டில் படி ஒன்றும் எஞ்சாமல் மறைந்தன. ஐரோப்பா, அமெரிக்கா ஆகியவற்றின் நூலகங்களில் தனிப்படிகளாகவே அவை தப்பின. 1950களில் சேவியர் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் தேடிக் கண்ட பழந்தமிழ் அச்சு நூல்களைப் பற்றித் தமிழ்ப் பண்பாடு இதழில் எழுதி அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். இயேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் அடிகள் கிரிசித்தியானி வணக்கத்தை 1963 ஆம் ஆண்டிலும் அடியார் வரலாற்றை 1967 ஆம் ஆண்டிலும் பதிப்பித்துத் தமிழ் வாசகர்களுக்கு மீண்டும் கிடைக்கச் செய்தார்.

மதிப்பீடு

என்றீக்கசு பெரும்பாலும் அச்சு வரலாற்றிலும் இலக்கண வரலாற்றிலும் முதல்வராக நினைக்கப்படுகிறார். அவருடைய நோக்கில் இவ்விரண்டும் கருவிகளே ஆகும். நாற்பது ஆண்டுகளாகப் பெரும்பாலும் வாய்மொழியாக வழங்கிய ஒரு மறையின் வாக்குறுதிகளை, அவை யாருக்கு அளிக்கப்பட்டனவோ அவர்களே எழுத்தில் படித்தறிய வேண்டும் என்பதே அவர் நோக்கமாக இருந்தது.

போர்த்துக்கீச ஆட்சியின் துணையோடு இப்பணி நடைபெற்றது என்பதும், சமயமும் வணிகமும் படைபலமும் அக்காலத்தில் பிரிக்க முடியாதவாறு கலந்திருந்தன என்பதும் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுவனவாகும். ஆட்சியின் துணை இருந்ததால் மட்டுமே இப்பணி நிலைத்தது என்று கூற இயலாது என்பதை 1658 ஆம் ஆண்டுக்குப் பிந்தைய நிகழ்வுகள் காட்டுகின்றன. முத்துக்குளித்துறையின் கடலோர ஊர்களில் பரதவர் இன்றும் பெரும்பாலும் கத்தோலிக்கக் கிறித்தவராகவே உள்ளனர். புன்னைக்காயலும் அவற்றுள் ஒன்றாகும்.